பூட்டின் முகம்

முடிதிருத்தும் கடையில் ஒன்று, பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க்கடையில் ஒன்று, சைக்கிள் கடையில் ஒன்று. எங்கள் ஊரில் அந்தப் புகைப்படம் மாட்டாத கடை குறைவு. கோல் வலைக்குப் பின்னாலிருந்து எடுத்த படம். வலையின் கட்டங்கள் வழியே ஒரு மனிதனின் முதுகு தெரியும். உடம்பை இடப்பக்கமாக எறிந்திருப்பான். ஒரு கால் விரல் மட்டும் தரையை விட மனமில்லாமல் தொட்டுக்கொண்டிருக்கும். நீட்டிய கையின் நுனியில் பந்து. அவனுக்கு அப்பால் பந்தை உதைத்தவன் நிற்பான். பந்து உள்ளே போய்விட்டது என்று நினைத்து இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, வாயெல்லாம் பல்லாக.

முதுகு பூட்டுடையது. ஊர் அணியின் கோல்கீப்பர். மற்ற நாட்களில் குடிநீர்க் குழாய் பழுதுபார்ப்பவர். அவர் நின்றால் கோல் பூட்டிவிட்டது என்று யாரோ சொன்னது பெயராகி, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது. பல் வரிசை, எதிரணியான உலோக வார்ப்பாலை அணிக்கு ஆடியவருடையது. அவருக்கு அன்று மாலையே பெனால்டி என்று பெயர் வைத்தாகிவிட்டது. இருபத்தேழு வருடங்களுக்கு முந்தைய இறுதி ஆட்டம். கடைசி நிமிடம், நாங்கள் ஒன்று அவர்கள் பூஜ்யம், அந்த ஒரு பெனால்டி உதை. ஊர் அணி இன்றுவரை வாங்கிய ஒரே கோப்பை அதுதான்.

பெனால்டி அதற்காக ஊரை விட்டுப் போய்விடவில்லை. ஆலையிலிருந்து விலகி, ரயில் பாதையோரமாகச் சொந்தப் பட்டறை போட்டார். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் இரண்டு அறை வீடு. கதவுக் கைப்பிடி, பெயர்ப்பலகை, பள்ளிக்கூடங்களுக்குப் பரிசுக் கோப்பை. அவர் மனைவி மெழுகு வேலை பார்ப்பாள். மனைவியின் தம்பி உலையைப் பார்த்துக்கொள்வான். யாராவது "பெனால்டி" என்று கூப்பிட்டால் அவர் முதல் தடவை காதில் விழாதவர் மாதிரி இருப்பார். இரண்டாம் தடவைதான் திரும்புவார். திரும்பும்போது முகத்தில் கோபம் இருக்காது. காதில் விழாமல் விட்ட அந்த ஒரு அழைப்பு மட்டும் அவருடைய கௌரவத்துக்கு.

பூட்டு போன வருடம் நுரையீரல் நோயில் இறந்தார். ஊரே பின்னால் நடந்து போனது. மழை முடிந்த ஒரு காலையில் ரசிகர் மன்றச் செயலாளர், டயர்க்கடை வைத்திருப்பவர், பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"பெனால்டி."

அரம் ஒரு கைப்பிடியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"பெனால்டி!"

"சொல்லுங்க."

"பூட்டுக்குச் சிலை வைக்கிறோம். மைதான வாசல்ல. வெண்கலம். சுத்து வட்டாரத்துல வெண்கலம் உருக்குற உலை உன்கிட்டதான் இருக்கு. வேற வழியில்ல, அதான் வந்தேன்."

"எவ்ளோ ஆசையா கேக்குறாரு பாருங்க மாமா," என்றான் உலைக்காரத் தம்பி.

செயலாளர் அவனைப் பார்க்கவில்லை. "ஆளுயரம் பத்தாது. ஒன்றரை ஆள் உயரம் வேணும். பறக்கணும்."

"பறக்குற ஆளுக்கு ஏதுங்க உயரம்? நீளம்தான்."

"நீ கொஞ்சம் சும்மா இருப்பா. என்ன பெனால்டி, செய்வியா? உனக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடு. நாங்க நகரத்துல பாத்துக்கறோம்."

பெனால்டி அரத்தைக் கீழே வைத்தார். கைப்பிடியை ஊதி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மனைவி பின்வாசலில் மெழுகுச் சட்டியோடு நின்று அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சரக்கு ரயில் முழுவதும் கடந்து போனது.

"நான்தான் செய்யணும்," என்றார்.

*

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. வரப்போகிற பொருளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். செயலாளர் வாயில் அது திருவுருவச் சிலை. தேநீர்க்கடையில், "சாமி எப்பய்யா வருது?" என்று கேட்டார்கள். உலைக்காரத் தம்பிக்குச் சரக்கு. பெனால்டியின் மனைவி பொம்மை என்பாள். பரிசுக் கோப்பையின் மூடிமேல் நிற்கிற விரற்கடை மனிதர்களையும் அவள் அப்படித்தான் சொல்வாள். பெனால்டி மட்டும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "அவரு" என்பார். "அவரு காலுக்கு இன்னும் கொஞ்சம் மண்ணு வேணும்." "அவரு மேல ஈரத்துணி போட்டியா?"

இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு கட்டி அதன்மேல் களிமண் அப்பினார்கள். முதுகுக்குப் புகைப்படம் இருந்தது. தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் புடைப்பது, இடுப்பு முறுக்குவது, சட்டை மேலேறி நாலு விரல் வெற்று முதுகு தெரிவது எல்லாம் அதிலிருந்து வந்தன. கைகளுக்கு, பூட்டின் மனைவி ஒரு பழைய கையுறையைக் கொடுத்தனுப்பினாள். உள்ளங்கையில் தேய்ந்து, கட்டைவிரல் பக்கம் கறுப்பு நூலால் தைத்திருந்தது. அந்தத் தையலையும் பெனால்டி மண்ணில் ஒவ்வொன்றாக இட்டார். மொத்த எடையும் தரையைத் தொடுகிற அந்த ஒரு கால்விரலில் நிற்க வேண்டும். அதற்குள் போகிற கம்பியின் கனத்தைப் பற்றி மட்டும் மாமாவும் மச்சானும் எட்டு நாள் சண்டை போட்டார்கள்.

தலையை அவர் தனியாகச் செய்தார். வேலை முடிந்ததும் ஈரத்துணி சுற்றிவிடுவார். எந்தப் படமும் அருகில் இல்லை. மன்றம் ஒரு படம் கொடுத்திருந்தது. பூட்டு கோப்பையை அணைத்துக்கொண்டு சிரிக்கிற சுவரொட்டி. அதைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

ஒரு மதியம் அவரே துணியை அவிழ்த்தார். மூன்று பேரும் ரொட்டியும் வறுத்த மீனும் தின்றுகொண்டிருந்தார்கள். அவர் பாதியில் எழுந்து போய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவிழ்த்தார்.

கண்கள் அகன்றிருந்தன. வாய் ஒரு பக்கமாக இழுபட்டு, கடைவாயில் நாக்கு நுனி பல்லில் மாட்டியிருந்தது. கழுத்து நரம்பு இரண்டும் கயிறு போல் விறைத்து நின்றன. கையில் பிடித்த குழந்தை நழுவும்போது பிடித்தவர் முகம் எப்படி ஆகுமோ அப்படி.

உலைக்காரத் தம்பிக்கு மட்டும் மீன் தொண்டையில் இறங்கியது. மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது?"

"அவரு."

"பயந்துபோய் இருக்காரு."

"ஆமா."

"ஊரு சாமின்னு கும்பிடுற ஆளு. பேய் அடிச்ச மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க."

"அன்னிக்கு இப்படித்தான் இருந்தாரு."

"யாரு பாத்தா?"

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தார். ரொம்ப நேரம் மென்றார்.

*

செயலாளர் களிமண் முகத்தைப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சுற்றி வந்தார். முதுகுப் பக்கம் போய் நின்று முதுகைத் தட்டிக்கொடுக்கப் போனவர், ஈர மண் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். திரும்ப முன்னால் வந்தார்.

"ஒடம்பு அப்படியே உயிரோட இருக்கு. அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. இந்த மூஞ்சி மட்டும் என்னய்யா? எங்காளு பயந்து நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்க பாத்த? நீதான் கைய ரெண்டையும் மேல தூக்கிட்டுப் பல்லைக் காட்டிட்டு இருந்தியே. ஊரே படத்துல பாக்குதே."

பட்டறை வாசலில் கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். பெனால்டி அரத்தூளைக் கையால் கூட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பழி தீத்துக்கறான்யா," என்றது ஒரு குரல். "இருபத்தேழு வருஷம் கழிச்சு."

"இப்ப சொல்றேன் கேட்டுக்கோ," என்றார் செயலாளர். "வர்ற திங்கக்கிழமை நான் பூட்டு சம்சாரத்தக் கூட்டிட்டு வருவேன். அதுக்குள்ள மூஞ்சிய மாத்து. அமைதியா, கம்பீரமா, அந்தச் சுவரொட்டியில இருக்குற மாதிரி. இல்லன்னா வண்டி கொண்டாந்து, வார்த்தது வாக்காதது எல்லாத்தையும் ஏத்திட்டு நகரத்துக்குப் போயிடுவோம். அவங்க ஒரு தல வெச்சுக் குடுப்பாங்க."

அவர் போன பிறகு உலைக்காரத் தம்பி, "டயருக்கு ஒட்டுப்போடுற மாதிரியே பேசிட்டுப் போறாரு," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஊரில் அந்தப் பேச்சு ஒரே நாளில் பரவிவிட்டது. மனைவி கடைக்குப் போனபோது வெங்காயம் நிறுக்கிறவள், "என்னக்கா, உங்க வீட்டுக்காரரு பூட்டைக் கோழையாக்கிட்டாராமே?" என்று கேட்டாள். அவளுக்கு வந்த கோபம் வெங்காயக்காரி மேலா, புருஷன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. இந்தப் பட்டறையில் செய்த எதற்கும் இதுவரை பெயர் கிடையாது. கதவைத் திறக்கிறவன் கைப்பிடி யார் செய்தது என்று கேட்கமாட்டான். முதல் தடவையாக ஊர் நின்று பார்க்கப்போகிற ஒன்று அவள் கைமெழுகில் ஆகிறது. அதைப் பார்த்து ஊர் காறித் துப்பும் என்றால் எதற்கு இந்த வேலை?

*

மண் முகத்துக்குப் பிளாஸ்டர் அச்சு எடுத்தாகிவிட்டது. அச்சுக்குள் உருக்கிய மெழுகை ஊற்றி, சுழற்றி, மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் விரல் கனத்துக்கு உள்ளீடற்ற மெழுகுத் தலை கிடைக்கும். ஒட்டு விழுந்த கோடுகளைச் சூடான கத்தியால் நீவிச் சரிசெய்வது மனைவியின் வேலை. அந்த மெழுகைச் சுற்றிச் செங்கல் தூளும் பிளாஸ்டரும் கலந்து கவசம் போட்டுச் சூளையில் வைத்தால், மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் வெண்கலம் நிற்கும். மெழுகில் என்ன இருக்கிறதோ அதுதான் வெண்கலத்தில் வரும். அதனால் எப்போதும் கடைசி வார்த்தை அவள் கத்தியுடையது.

வெள்ளிக்கிழமை பெனால்டி வெண்கலத்தில் கலக்க வெள்ளீயம் வாங்கப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. அவள் மெழுகுத் தலையை மடியில் வைத்து ஒட்டுக்கோடுகளை நீவினாள். நெற்றி முடிந்தது, காது முடிந்தது. வாய்க்கு வந்தபோது கத்தி நின்றது. மறுபடி அடுப்பில் காட்டி எடுத்தாள். நாக்கு நுனியை வழித்து எடுத்தாள். உதடு இரண்டையும் சேர்த்தாள். இமையைச் சற்று இறக்கினாள். கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் தேய்த்தே மழுக்கினாள். பதினெட்டு வருடமாக மெழுகு தொட்ட கை, தப்பவில்லை. ஒரு மணி நேரத்தில் சுவரொட்டியில் இருக்கிறவர் அவள் மடியில் கண் தாழ்த்தி இருந்தார்.

நனைந்து வந்த பெனால்டி வெள்ளீயக் கட்டிகளை இறக்கி வைத்தார். மேசையைப் பார்த்தார். தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டு அப்படியே தோளில் நின்றது.

"யாரு பண்ணது?"

"நான்தான். கத்துறதுன்னா கத்துங்க."

அவர் கத்தவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மழை தகரக் கூரையில் விழுகிற சத்தம்தான் கேட்டது. அவள் அடுப்பை அணைத்தாள். கத்தியைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கத்தியை மறுபடி துடைத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லுங்களேன். இப்படி உக்காந்தா நான் என்ன நெனைக்கிறது?"

"நீயும் பழி தீத்துக்கறேன்னுதான் நெனைக்கிற."

"நெனைக்காம? ஊரு உங்க மூஞ்சியப் பாத்து இருபத்தேழு வருஷமாச் சிரிக்குது. முடி வெட்டக்கூட அடுத்த ஊருக்குப் போறீங்க. இப்ப அவரு மூஞ்சி உங்க கையில கெடச்சிருக்கு. செத்த மனுஷன் வந்து இல்லன்னு சொல்லவா போறாரு?"

அவர் துண்டை எடுத்து மடித்தார்.

"அந்த உதையப் பத்தி நான் உன்கிட்ட சொல்லிருக்கேனா?"

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவ கேட்டேன். வெளிய எழுந்து போயிட்டீங்க. அப்புறம் நான் கேக்கல."

"நல்லா அடிச்சேன்." அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அதுக்கு முன்னாடியும் அப்படி அடிச்சதில்ல, பின்னாடியும் அடிச்சதில்ல. கால்ல பட்ட சத்தத்துலயே தெரிஞ்சுது. அவருக்கு இடது மூலை, தரையிலருந்து இவ்ளோதான். அடிச்சிட்டு நிமிர்ந்தேன். அவரு மூஞ்சி தெரிஞ்சுது. பதினோரு மீட்டர். உன்ன இப்ப பாக்குற மாதிரி. அந்த மூஞ்சியப் பாத்துதான் நான் கையத் தூக்கினேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பந்தப் பாத்துத் தூக்கல. அந்த மூஞ்சியப் பாத்துத் தூக்கினேன். அது பந்து போயிடுச்சுன்னு தெரிஞ்சவரு மூஞ்சி. அவருக்கே தெரியும், எட்டாதுன்னு. தெரிஞ்சும் கை போச்சு பாரு." அவர் தன் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். விரல்கள் விரிந்தன. "அவரு மூஞ்சி தோத்துடுச்சு. கை தோக்கல. அத அந்த மைதானத்துல எட்டாயிரம் பேர்ல நான் ஒருத்தன்தான் பாத்தேன். எல்லாரும் பந்தப் பாத்தாங்க. படம் எடுத்தவன் பின்னாடி இருந்தான்."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"தோத்தவன் சொன்னா யாரு கேப்பா?"

மழை கொஞ்சம் விட்டிருந்தது.

"இதோ நீ பண்ணிருக்கியே, இந்த மூஞ்சி." மெழுகைத் தொடாமல் அதன் கன்னத்தருகே விரலைக் கொண்டுபோனார். "வேல சுத்தமா இருக்கு. ஆனா இப்படித் தூங்கி வழியறவரு புடிச்சாருன்னா நான் அடிச்சது என்ன அடி? சின்னப் பிள்ளைங்க உருட்டி விட்ட பந்தா? அவரு பயப்படலேன்னா அவரு என்னத்தப் புடிச்சாரு?"

அவள் அவரைப் பார்த்தாள். புகைப்படத்தில் கை தூக்கி நிற்கிற ஆளைத்தான் ஊர் அவளுக்குக் காட்டியிருந்தது. அந்த ஆளோடு பதினெட்டு வருடம் இருந்தும் அவளும் அதையே ஒரு ஓரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. எழுந்து போய்ப் பிளாஸ்டர் அச்சை இறக்கி, இரண்டு பாதியையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினாள்.

"தம்பி! அடுப்பப் பத்த வை. இன்னொரு தல ஊத்தணும்."

"எந்தத் தலக்கா? அக்கா தலயா, மாமா தலயா?"

"வாய மூடிட்டு வேலயப் பாருடா."

அவள் செய்த தலையைப் பெனால்டி உடைக்கவில்லை. அதை அப்படியே வைத்துவிட்டு, புதிய தலை ஆறியதும் பக்கத்தில் வைத்தார். இந்த முறை நாக்கு நுனியை அவள்தான் கூர்மையாக்கினாள்.

*

திங்கட்கிழமை பூட்டின் மனைவி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. சோப்பு வாசனையும் நீராவி வாசனையும் அவளோடு உள்ளே வந்தன. செயலாளர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

மேசையில் இரண்டு மெழுகுத் தலைகள்.

"அப்படி வா வழிக்கு!" செயலாளர் அமைதியான முகத்தின் அருகே குனிந்தார். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "இதான்யா தலைவரு. அண்ணி, பாருங்க, அப்படியே நம்ம அண்ணன் இல்ல? பெனால்டி, நான் ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத."

"அது என் வீட்டுக்காரி செஞ்சது," என்றார் பெனால்டி. "இது நான் செஞ்சது. அக்கா பாக்கட்டும்."

அவள் முதல் தலையைப் பார்த்தாள். ஆமாம் என்பதுபோல் தலையசைத்தாள். இரண்டாவது தலையிடம் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒரு பயணிகள் ரயில் போனது. மேசைமேல் இருந்த சின்ன அரங்கள் நடுங்கி அடங்கின. செயலாளர் தொண்டையைச் செருமினார். பெனால்டியின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆவி நின்றுபோகும்வரை அது அப்படியே இருந்தது.

"இந்த மூஞ்சிய நான் பாத்ததில்ல, தம்பி," என்றாள் கடைசியில்.

செயலாளர் நிமிர்ந்தார். "அதான் அண்ணி நானும் சொல்றேன்..."

"நீங்க இருங்க." அவள் திரும்பவில்லை. "முப்பத்திரெண்டு வருஷம் கூட இருந்தேன். ஒரு நாள்கூடப் பாக்கல. அன்னிக்கு எனக்கு வேல நாளு. இஸ்திரிப் பெட்டி சத்தத்துக்கு நடுவுல ஊரே கத்துற சத்தம் கேட்டுச்சு, அவ்ளோதான். கடைசி மாசம் மூச்சு விட முடியல அவரால. பயமா இருக்கான்னு கேப்பேன். எனக்கென்னடி பயம், நான் யாருன்னு நீ நெனச்சேன்னு சிரிப்பாரு. பாக்க வர்றவங்க எல்லாம் சாமி, சாமின்னு காலத் தொட்டுட்டுப் போவாங்க. அவங்க போன பிறகும் அப்படியே சிரிச்ச மூஞ்சியா இருப்பாரு. யாருக்கோ காட்டிட்டே இருக்குற மாதிரி. என்கிட்டயாவது கொஞ்சம் எறக்கி வைங்கன்னு சொல்லத் தோணும். சொன்னதில்ல."

விரலை நீட்டினாள். மெழுகின் இழுபட்ட கடைவாயை, நாக்கு நுனியைத் தொட்டாள். இஸ்திரிச் சூட்டில் காய்ப்பேறிய விரல் அது. அழுத்தாமல் தொட்டது.

"நெசமா இப்படியா இருந்தாரு?"

"இப்படித்தான் இருந்தாருக்கா."

"இப்படி இருந்துட்டா புடிச்சாரு?"

"ஆமாக்கா. எட்டாத பந்து அது. நான் சொல்லக்கூடாது. ஆனா எட்டாத பந்து."

அவள் நிமிர்ந்தாள். அவள் உயரம் கூடியது போல் இருந்தது.

"இதையே வெச்சுருங்க."

"அண்ணி, ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு இத்தன நாள் அவரு முதுகத்தானே கும்பிட்டுச்சு," என்றாள். "மூஞ்சியையும் பாக்கட்டும்."

ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தாள்.

*

தலைக்குக் கவசம் போடுவதற்கு முன், உலோகம் உள்ளே இறங்கவும் காற்று வெளியேறவும் வழி வேண்டும். அதற்கு மெழுகில் குச்சி குச்சியாக உருட்டி ஒட்டுவார்கள். அந்த வேலைக்கு மெழுகு குறைந்தது. பெனால்டியின் மனைவி தான் நீவிச் செய்த தலையை எடுத்தாள், இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள், சட்டியில் போட்டாள். முதலில் மூக்கு சாய்ந்தது. பிறகு எல்லாம் ஒன்றாகி மஞ்சளாகப் பளபளத்தது.

"பாவம்க்கா, அழகா இருந்தாரு," என்றான் தம்பி.

"அழகா இருந்து என்ன பண்றது."

மழை ஓயாததால் சூளையில் கவசத்தை வழக்கத்தைவிட இரண்டு நாள் கூடுதலாக வைத்தார்கள். ஒரு சொட்டு ஈரம் உள்ளே இருந்தாலும் உருகிய வெண்கலம் பட்டதும் வெடித்து முகத்தில் அடிக்கும். தம்பி மணிக்கொரு தடவை ஒரு கண்ணாடித் துண்டைக் கவசத்தின் வாயருகே பிடிப்பான். கண்ணாடி மங்கினால் ஈரம். ஆறாம் நாள் காலை கண்ணாடி மங்கவில்லை. ஊற்றும்போது மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெண்கலம் ஆரஞ்சு நிறக் கயிறாக இறங்கியது. காற்று வழிகளில் ஒவ்வொன்றாக உலோகம் தலைகாட்டியபோது தம்பி, "நெறஞ்சிடுச்சு மாமா," என்று சத்தமில்லாமல் சொன்னான். அவர்கள் மூவருக்கும் அதன்பிறகுதான் பசித்தது. பத்து முட்டை அவித்துத் தின்றார்கள்.

*

உடம்பையும் அதேபோல் பகுதி பகுதியாக வார்த்துத் தலையோடு சேர்த்தார்கள். திறப்பு நாளன்று வானம் வெளுத்திருந்தது. மைதான வாசலில் கூட்டம். செயலாளர் பேசினார், பேச்சில் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பூட்டின் மனைவி கயிற்றை இழுத்தாள். துணி விழுந்தது.

கைதட்டத் தயாராக இருந்த கைகள் தட்டவில்லை. வெயில் நேராக அந்த முகத்தில் விழுந்தது. அகன்ற கண்களும் இழுபட்ட வாயும், பல்லில் மாட்டிய நாக்கும். நீட்டிய கையின் நுனியில் பந்து. பந்து கையில் பட்டது அவருக்கே இன்னும் தெரியவில்லை. பெனால்டியின் மனைவி கூட்டத்தின் ஓரத்தில் தன் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னய்யா இது, இப்படி..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

தேநீர்க்கடைக்காரர் முன்னால் வந்தார். அவர் கடையில் மாட்டியிருக்கும் படம்தான் ஊரில் பெரியது. சிலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையால் தன் வாயை மூடிக்கொண்டார். பிறகு எடுத்தார்.

"அன்னிக்கு என் மூஞ்சி இப்படித்தான்யா இருந்துச்சு," என்றார். "ஏன், உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? பக்கத்துல தான நின்ன? என் கையப் புடிச்சு நசுக்கிட்ட. நம்ம எல்லார் மூஞ்சியும் இதுதான். அவரு மூஞ்சியும் நம்ம மாதிரிதான் இருந்திருக்கு. ஆனா புடிச்சாரு பாரு!"

அப்போதுதான் கைதட்டல் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி, நிற்காமல் போனது.

சத்தம் அடங்கியதும் பூட்டின் மனைவி பெனால்டியிடம் வந்தாள். "தம்பி, நீங்க எங்க நின்னீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூட்டத்தைப் பார்த்தார். பீடத்தின் அடியிலிருந்து நடக்கத் தொடங்கினார். மீட்டருக்கு ஒன்றாக நீளமான காலடிகள். மனசுக்குள் எண்ணிக்கொண்டு, பதினொன்றாவது அடியில் நின்றார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் அவர் அருகில் போய் நின்று திரும்பினாள். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கண்கள் நேராக வந்து நம்மைத்தான் பார்க்கும். வேறெங்கு நின்றாலும் அப்படி இல்லை. அவள் அங்கேயே வெகுநேரம் நின்றாள். பிறகு அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தாள். அவள் பின்னால் தேநீர்க்கடைக்காரர் நின்றார். அவர் பின்னால் ஒரு வரிசை தானாகவே சேர்ந்தது. செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்த வரிசையின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டார். இன்றைக்கும் மைதான வாசலில் அந்த ஒரு இடத்தில் மட்டும் புல் முளைப்பதில்லை.

வேலை முடிந்த கையோடு போய்விட வேண்டியதுதான் என்பதுபோல் பெனால்டி பட்டறையை நோக்கி நடந்தார். மனைவி பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"பெனால்டி!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

முதல் தடவையிலேயே அவர் திரும்பினார்.

"கையத் தூக்குய்யா ஒரு தடவ!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பில் பழைய சிரிப்பும் கொஞ்சம் இருந்தது. பெனால்டி மனைவியைப் பார்த்தார். "தூக்குங்களேன். நல்லா அடிச்ச அடிதானே," என்றாள் அவள்.

அவர் பந்தைப் பார்த்தார். பூட்டின் விரல் நுனியில் அது பத்திரமாக இருந்தது. இரண்டு கைகளையும் நன்றாக, முழு நீளத்துக்கு, வானத்தை நோக்கித் தூக்கினார்.